மரபணுத் திருத்தமும் குளோனிங்கும்: சபையில் வேதபாடம் நடத்துவது எப்படி

வேலூரில் இந்தப் பொருளில் பேசும்போது எதிரே சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையில் வேலை பார்க்கிறவர் இருப்பார். தலசீமியா என்ற பரம்பரை ரத்தநோய் உள்ள பிள்ளைக்கு மாதாமாதம் ரத்தம் ஏற்றிவரும் தாயும் இருக்கலாம். அந்தத் தாய் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தே ஒவ்வொரு வார்த்தையையும் பேசுங்கள்.

இருபது பேருக்குள், ஒன்றரை மணி நேரம் போதும். முதல் கால் மணி நேரம் ஒரே கேள்விதான்: மாற்றப்படுவது எந்த உயிரணு? பலகையின் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம், நோயாளியின் உடலோடு முடிகிற மாற்றம். வலப்பக்கம், முட்டையிலோ விந்திலோ கருவிலோ செய்து, பேரப்பிள்ளைகள் வரை இறங்குகிற மாற்றம். இந்தக் கோடு இல்லாவிட்டால் ஒருவர் சிகிச்சையை நினைத்துப் பேச, இன்னொருவர் குளோனிங்கை, அதாவது ஒரு உயிரின் மரபணு நகலாக இன்னொன்றை உண்டாக்குவதை, நினைத்து மறுப்பார்.

இடப்பக்கத்துக்கு உதாரணம் ஊரிலேயே உண்டு. ரத்தம் சரியாக உறையாத பரம்பரை நோயான ஹீமோபிலியா ஏ கடுமையாக உள்ள 5 பேருடைய சொந்த ரத்த ஸ்டெம் செல்களை (ரத்த அணுக்களை உண்டாக்கும் மூல உயிரணுக்களை) எடுத்து, நோய் உண்டாக்காதபடி மாற்றிய வைரஸ் வழியாக அவர்களுக்குக் குறைவாக உள்ள எட்டாம் உறைகாரணி என்ற ரத்தப் புரதத்தின் மரபணுவைச் சேர்த்து, திரும்ப ஏற்றினார்கள் சி.எம்.சி. மருத்துவர்கள். முடிவுகள் 2024-ல் வெளிவந்தன. ஏற்றுவதற்கு முன் எலும்பு மஜ்ஜையில் இடம் உண்டாக்கக் கடுமையான மருந்து கொடுக்க வேண்டும், அதையும் சொல்லுங்கள். ஆபத்தை மறைத்துப் பெற்ற சம்மதம் சம்மதமே அல்ல. கத்தோலிக்கத் திருச்சபையின் 2008 அறிவுரை இத்தகைய சிகிச்சையைக் கொள்கையளவில் ஏற்கிறது. பரம்பரைக்கு இறங்கும் மாற்றத்தை இன்றைய நிலையில் மறுக்கிறது.

வலப்பக்கத்துக்கு, 2018-ல் சீனாவில் கருவிலேயே மரபணு திருத்தப்பட்டுப் பிறந்த இரட்டைப் பெண் குழந்தைகள். தகப்பனுடைய எச்ஐவி பிள்ளைக்கு வராமல் தடுக்க வேறு வழி ஏற்கெனவே இருந்தது. திருத்தத்தில் தவறு நேர்ந்தால் அதைப் பிள்ளைகளும் அவர்கள் சந்ததியும் சுமக்க வேண்டும். அவர்களிடம் கேட்கவும் முடியாது. இந்தியாவில் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) வழிகாட்டுதல்கள் இப்படிக் கருவில் மரபணு திருத்திப் பிள்ளை பெறுவதையும் மனிதக் குளோனிங்கையும் தடுக்கின்றன.

குளோனிங்கில், வளர்ந்த ஆட்டின் உயிரணுவிலிருந்து குளோனாகப் பிறந்த டாலி ஆட்டுக்குட்டியின் கணக்கை எழுதுங்கள்: 277 முயற்சி, 1 பிறப்பு. மனிதரில் அப்படிச் செய்தால் கலைந்துபோகும் கருக்களுக்கு யார் பதில் சொல்வது? கரு எப்போதிலிருந்து மனித உயிர் என்பதில் கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் ஒரே குரலில் பேசுவதில்லை. இங்கே வாக்கெடுப்பு வேண்டாம், அவரவர் காரணத்தைக் கேளுங்கள். “குளோனுக்கு ஆத்துமா இருக்குமா?” என்று வாலிபர்கள் கட்டாயம் கேட்பார்கள். ஒரே கருவில் பிரிந்த இரட்டையருக்கும் மரபணு ஒன்றுதான். இருவருக்கும் தனித்தனி ஆத்துமா இல்லையென்று எவரும் சொல்வதில்லை. தவறு உண்டாக்கும் முறையில் இருக்கலாம், பிறந்த பிள்ளையில் இல்லை. ஆதியாகமம் 1:27-ஐ அங்கே வாசியுங்கள்.

அடிக்கடி நடக்கும் பிழை, சங்கீதம் 139-ஐ மட்டும் வாசிப்பது. தேவன் கர்ப்பத்தில் உருவாக்கினார் என்று நிறுத்தினால், நோயோடு பிறந்த பிள்ளையின் பெற்றோர் “அப்படியானால் மருந்து எதற்கு?” என்று உள்ளுக்குள் உடைவார்கள். உடனே யோவான் 9-க்குப் போங்கள். யார் செய்த பாவம் என்ற கேள்வியை இயேசு தள்ளிவிட்டு, கண்ணைத் திறக்கிறார்.

கடைசிப் பத்து நிமிடம் கல்யாணத்துக்கு முன் எடுக்கும் தலசீமியா ரத்தப் பரிசோதனைக்கு. இருவரும் அந்த மரபணுவைச் சுமந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய்க்கு நான்கில் ஒரு வாய்ப்பு. யார் வீட்டில் என்று கூட்டத்தில் கேட்காதீர்கள். முடிந்தபின் தனியாக வருகிறவர்களுக்காக அரை மணி நேரம் அங்கேயே இருங்கள்.