வீட்டிலேயே ஏர் பிஸ்டல் பயிற்சி: பெல்லட் இல்லாமல் பழகும் முறை

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் வெண்கலம் வென்ற அதே பத்து மீட்டர் ஏர் பிஸ்டலைப் பழகத் தொடங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ரேஞ்ச் (சுடுதளம்) கிடைக்காத நாட்களில் பெல்லட் (சிறு ஈயக் குண்டு) போடாமல் டிரிகரை இயக்கிப் பழகும் டிரை ஃபயரிங், விரலைப் பழக்குவதில் ரேஞ்சையும் மிஞ்சும் என்பது என் உறுதியான கருத்து. காகிதத்தில் விழும் துளை அங்கே கவனத்தை இழுத்துவிடுகிறது.

முதலில் பெல்லட் டப்பாவை வேறு அறையில் வைத்துப் பூட்டுங்கள். பிறகு பெல்லட் நுழைக்கும் இடமான ப்ரீச்சைத் திறந்து, காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டு, பிஸ்டலை டிரை ஃபயர் நிலைக்கு மாற்றுங்கள். கதவும் ஜன்னலும் இல்லாத கெட்டிச் சுவரை நோக்கி மட்டுமே நில்லுங்கள்.

ஆரம்பத்தில் இலக்கே வேண்டாம், வெறும் வெள்ளைச் சுவர் போதும். அது கைவந்த பிறகு, 59.5 மி.மீ. விட்டமுள்ள அசல் கருவட்டத்தைத் தூரத்திற்கேற்பச் சுருக்கி, ஐந்து மீட்டரில் 30 மி.மீ., மூன்று மீட்டரில் 18 மி.மீ. என்று பளபளப்பில்லாத கறுப்புக் காகிதத்தில் வெட்டி, தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் ஒட்டுங்கள். கண்ணை மூடிக் கையை உயர்த்தி, பிறகு திறந்து பாருங்கள். பிஸ்டல் பக்கவாட்டில் விலகியிருந்தால் மணிக்கட்டை வளைக்காமல் பாதத்தை நகர்த்திச் சரிசெய்யுங்கள்.

இனி டிரிகர். என்னை நெடுநாள் இழுத்தடித்த கட்டம் இதுதான். கையின் ஆட்டம் யாருக்கும் முழுமையாக நிற்பதில்லை. அது நிற்கும் கணத்திற்காகக் காத்திருந்து வெடுக்கென்று இழுப்பதால்தான், குழல் முனையில் குறிபார்க்க உதவும் ஃப்ரண்ட் சைட் சாய்கிறது. கை முழுவதும் ஒரு மி.மீ. நகர்ந்தால் இலக்கிலும் ஒரு மி.மீ.தான் விலகும், ஆனால் சைட்டுகளுக்கு இடையே 33 செ.மீ. உள்ள பிஸ்டலில் ஃப்ரண்ட் சைட் மட்டும் ஒரு மி.மீ. சாய்ந்தால், பத்து மீட்டரில் அது ஏறக்குறைய 30 மி.மீ. ஆகி, பத்து மதிப்பெண் பெறவேண்டிய ஷாட் ஏழுக்கு இறங்கிவிடும். ஆகவே ஆட்டத்தைப் பொருட்படுத்தாமல், பின்னால் உள்ள ரியர் சைட்டின் பள்ளத்தில் ஃப்ரண்ட் சைட்டின் இருபுறமும் தெரியும் வெளிச்சக் கீற்றுகள் சமமாக இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்தபடி, டிரிகர் லேசாக நகரும் முதல் கட்ட இழுப்பை முடித்து, இரண்டாம் கட்டத்தில் அழுத்தத்தைச் சீராகக் கூட்டிக்கொண்டே போங்கள். ‘க்ளிக்’ கேட்ட பிறகும் ஓரிரு வினாடி பார்வையை விலக்காதீர்கள். கீற்றுகள் அப்போதும் சமமாக இருந்தால் அது நல்ல ஷாட். பத்து வினாடிக்குள் விசை விடுபடவில்லையென்றால் கையை இறக்கி, மூச்சு வாங்கி, மறுபடி தொடங்குங்கள்.

சுவரில் புள்ளி காட்டும் லேசர் கருவிகளை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் அவை கண்ணை ஃப்ரண்ட் சைட்டிலிருந்து பிரித்துவிடுகின்றன. குறியின் அசைவைக் கணினியில் பதிந்து காட்டும் ஸ்காட் (SCATT) போன்ற பயிற்சிக் கருவி மிகவும் நல்லது, ஆனால் விலை அதிகம். அதை வாங்கும்வரை பக்கவாட்டில் கைபேசியை நிறுத்தி மணிக்கட்டைப் படம் பிடித்துப் பாருங்கள்.

பின்சேர்க்கை: ஸ்பிரிங் ஏர் கன் வைத்திருப்பவர்கள் சிலர் கேட்டதால் சேர்க்கிறேன். அதில் இந்தப் பயிற்சியைச் செய்யாதீர்கள். பெல்லட்டின் தடை இல்லாதபோது பிஸ்டன் முழு வேகத்தில் சிலிண்டரின் முனையில் மோதி, சீலும் ஸ்பிரிங்கும் பழுதாகும். டிரை ஃபயர் வசதியுள்ள, அழுத்தக் காற்றில் இயங்கும் பிஸ்டலுக்கே இம்முறை பொருந்தும்.