பேஸ் கிட்டார் உறுமுகிறதா, கரகரக்கிறதா? சால்டரிங் அயர்னைத் தொடுவதற்கு முன்னும் பின்னும்

பேஸ் கிட்டாரில் வரும் மின்கோளாறுகளில் பெரும்பாலானவை மூன்றே இடங்களில்தான் ஒளிந்திருக்கும். கேபிள் செருகும் ஜாக், பிரிட்ஜுக்குப் போகும் எர்த் வயர், நாப்புக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர் (இனி 'பாட்'). கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பிக்அப் தானாகப் பழுதாவது அபூர்வம். ஆனால் சத்தம் கெட்டதும் பலர் முதலில் வாங்குவது புது பிக்அப். உள்ளதிலேயே விலை கூடிய பாகமும் அதுதான்.

இங்கே சொல்வது பேட்டரி இல்லாத பாசிவ் பேஸ்களுக்கு. அதாவது ஒரு வால்யூம், ஒரு டோன் உள்ள பிரிசிஷன் வகை. இரண்டு வால்யூம், ஒரு டோன் உள்ள ஜாஸ் வகை. பேட்டரி போடும் ஆக்டிவ் பேஸுக்கும் ஜாக், எர்த் சோதனைகள் பொருந்தும். மீட்டர் அளவுகள் பொருந்தாது. நடுவில் ப்ரீஆம்ப் (பேட்டரியில் ஓடி சிக்னலைப் பெருக்கும் சுற்று) உட்கார்ந்திருக்கிறது.

முதலில்: கிட்டாரா, வேறு ஏதாவதா?

கேபிளை மாற்றிப் பாருங்கள். பிறகு ஆம்ப் பக்கம் இருக்கும் முனையை அப்படியே விட்டுவிட்டு, கிட்டார் பக்க முனையை மட்டும் கழற்றி வேறொரு கிட்டாரில் செருகுங்கள். அதிலும் அதே உறுமல் என்றால் உங்கள் பேஸைத் திறக்கவே வேண்டாம்.

கணினியில் ஆடியோ இன்டர்ஃபேஸ் (கிட்டார் ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் யூஎஸ்பி பெட்டி) வழியாக வாசிப்பவர்கள் இன்னொரு சோதனையும் செய்யவேண்டும். லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியில் மட்டும் ஓடவிட்டுக் கேளுங்கள். உறுமல் நின்றுவிட்டால் குற்றவாளி சார்ஜர். மவுஸை நகர்த்தும்போதும் விண்டோவை இழுக்கும்போதும் கீச்சென்ற சத்தம் கூடவே ஏறி இறங்குகிறதென்றால், யூஎஸ்பி கேபிளின் எர்த் வழியாகக் கணினியின் இரைச்சல் உள்ளே வருகிறது. ஹப்பைத் தவிர்த்து, இன்டர்ஃபேஸை நேரடியாக வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் கிரவுண்ட் லிஃப்ட் (எர்த் இணைப்பைத் துண்டிக்கும்) சுவிட்ச் உள்ள, நடுவில் இணைக்கும் டிஐ பாக்ஸ் உதவும்.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. உறுமலைப் போக்க ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை உடைப்பது, டேப் சுற்றுவது. பேஸின் கம்பிகள் எல்லாம் ஆம்பின் எர்த்தோடு இணைந்தவை. ஆம்ப் பழுதாகி மின்சாரம் கசிந்தால் அது வந்து சேரும் இடம் உங்கள் விரல்.

உறுமலைக் கேட்டே கண்டுபிடிப்பது

ஆம்பை மிதமான சத்தத்தில் வைத்து, வால்யூம் நாப்புகளை முழுதாகத் திறந்து, கம்பிகளைத் தொட்டும் விட்டும் பாருங்கள்.

தொட்டால் குறைகிறது, விட்டால் கூடுகிறது: எர்த் சரியாக இருக்கிறது. இது பழுதல்ல.

கம்பியைத் தொட்டால் மாற்றமில்லை, ஆனால் ஜாக்கின் உலோகத்தைத் தொட்டால் குறைகிறது: பிரிட்ஜ் எர்த் வயர் அறுந்திருக்கிறது.

தொட்டால் இன்னும் கூடுகிறது: ஜாக்கில் சிக்னல் வயரும் எர்த் வயரும் இடம் மாறியிருக்கின்றன. யாரோ ஏற்கெனவே 'ரிப்பேர்' செய்த பழைய கிட்டார்களில் இது அடிக்கடி தென்படும்.

ஜாஸ் வகையில் இரண்டு வால்யூமும் முழுதாக இருக்கும்போது அமைதியாக இருந்து, ஒன்றைக் குறைத்ததும் உறுமினால் அது பழுதல்ல. இரண்டு பிக்அப்பும் எதிரெதிர்த் திசையில் சுற்றப்பட்டு, ஒன்றின் உறுமலை மற்றொன்று அழிக்கிறது. ஒன்றைக் குறைத்தால் அந்தச் சமநிலை போய்விடும்.

திறக்காமலே அளப்பது

நல்ல கேபிள் ஒன்றைப் பேஸில் செருகி, மறுமுனையில் பிளக்கின் நுனிக்கும் உடலுக்கும் இடையே மல்டிமீட்டரை 20 கிலோ ஓம் வரம்பில் வைத்து அளங்கள். ஜாக், பாட், பிக்அப் எல்லாமே இந்த ஒரே அளவில் வந்துவிடும்.

பிரிசிஷனில் வால்யூம் முழுதாக இருந்தால் சுமார் 10 கிலோ ஓம் வரும். வால்யூம் பூஜ்யம் என்றால் மீட்டரும் கிட்டத்தட்ட பூஜ்யம். ஜாஸில் இரண்டும் முழுதாக இருந்தால் 3.5 முதல் 4 வரை. ஒன்றைப் பூஜ்யமாக்கினால் 7 கிலோ ஓமை ஒட்டி வரும். ஜாஸில் இரண்டையும் பூஜ்யமாக்கினால் மீட்டர் சுமார் 125 கிலோ ஓம் காட்டும் (வரம்பை மேலே மாற்றிக்கொள்ளுங்கள்). பயப்படவேண்டாம். இரண்டு 250 கிலோ ஓம் பாட்கள் பக்கவாட்டில் இணைந்து நிற்பதன் கணக்கு அது.

எந்த நிலையிலும் மீட்டர் எதுவுமே காட்டாவிட்டால் ஜாக்கில் வயர் அறுந்திருக்கிறது. எப்போதும் பூஜ்யம் என்றால் எங்கோ ஷார்ட். பிரிசிஷனில் வால்யூம் முழுதாக இருந்தும் (மேல் வரம்பில்) 250 கிலோ ஓம் காட்டினால் மட்டுமே பிக்அப்பையோ அதன் வயரையோ சந்தேகப்படலாம். அளக்கும்போதே கேபிளை ஜாக்கில் ஆட்டிப் பாருங்கள். எண் குதித்தால் ஜாக்தான்.

ஜாக்

நட் தளர்ந்திருந்தால் வெளியிலிருந்து ஸ்பேனர் போட்டு இறுக்கத் தோன்றும். வேண்டாம். நட்டோடு ஜாக்கும் உள்ளே சுற்றும். இரண்டு சுற்றில் வயர் முறுக்கி அறும். பிளேட்டைக் கழற்றி, ஜாக்கை உள்ளிருந்து பிடித்துக்கொண்டு இறுக்குங்கள். நட்டுக்குக் கீழே பல்லுள்ள வாஷர் ஒன்று போட்டால் மறுபடி தளராது.

பிளக் லொடலொடவென்று ஆடினால், ஜாக்கின் நீண்ட தகட்டு நாக்கை உள்பக்கமாக ஒரு மில்லிமீட்டர் வளைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். பல நேரம் இதுவே போதும். புதிது வாங்குவதென்றால் உள்ளே எல்லாம் தெரியும் திறந்த வகை ஜாக்கே நல்லது. குழாய் போல மூடிய வகையில் நாக்கை வளைக்கவும் முடியாது, துடைக்கவும் முடியாது.

ஆக்டிவ் பேஸில் இருப்பது மூன்று கால் உள்ள ஸ்டீரியோ ஜாக். மூன்றாவது காலில் பேட்டரியின் நெகட்டிவ் வயர் வரும். மோனோ பிளக்கைச் செருகும்போதுதான் அது எர்த்தைத் தொட்டு மின்சுற்று முழுமையாகும். அங்கே இரண்டு கால் ஜாக்கைப் போட்டு நெகட்டிவ் வயரை எர்த்தில் சேர்த்துவிட்டால், வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும்.

பிரிட்ஜ் எர்த்

பிரிட்ஜுக்கும் ஜாக்கின் எர்த் காலுக்கும் இடையே அளந்தால் ஒன்றிரண்டு ஓமுக்குள் இருக்கவேண்டும். இல்லையென்றால் கம்பிகளை முழுதாகத் தளர்த்தி, பிரிட்ஜின் ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். அடியில் ஒரு துளையிலிருந்து வயர் எட்டிப்பார்க்கும். நுனியை 2 செ.மீ. சீவி, இழைகளை விசிறி போல விரித்துத் தட்டையாக வைத்து, மேலே பிரிட்ஜை வைத்து இறுக்கினால் போதும். இங்கே சால்டர் வேண்டியதில்லை. பிரிட்ஜின் அடிப்பகுதியில் பெயின்ட் இருந்தால், வயர் படும் இடத்தில் மட்டும் சுரண்டிவிடுங்கள்.

உள்ளறையில் செப்பு ஃபாயில் ஒட்டுவது பற்றி: பஸ்ஸென்ற மேல்சுருதி இரைச்சலை அது குறைக்கும். டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்திலிருந்து வரும் அடிக்குரல் உறுமலை மெல்லிய செப்புத்தாள் தடுக்காது. அதற்கு ஆம்பைவிட்டு இரண்டடி தள்ளி நிற்பதே மேல்.

பாட்: பெரும்பாலோர் சறுக்கும் இடம்

நாப்பைத் திருப்பும்போது கரகரத்தால் முதலில் கான்டாக்ட் கிளீனர். பாட்டின் கால்களுக்கு மேலே இருக்கும் சின்ன இடைவெளியில் ஒரு பீச்சு. நாப்பை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக முப்பது தடவை திருப்பி, பத்து நிமிடம் உலர விடுங்கள். துருப்பிடித்த போல்ட்டுக்கு அடிக்கும் சாதாரண டபிள்யூடி-40 இதற்கல்ல. சில நாளிலேயே கரகரப்பு திரும்பினால் உள்ளே கரித்தடம் தேய்ந்துவிட்டது, மாற்றவேண்டியதுதான்.

வாங்கும்போது 250 கே என்று மட்டும் சொல்லி வாங்கிவந்தால் மூன்று இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். ஒன்று, வளைவு: முதுகில் 'ஏ' என்று இருப்பது லாக் (லாகரிதமிக்) வகை, 'பி' என்று இருப்பது லீனியர். வால்யூமுக்கு 'ஏ' எடுங்கள். இரண்டு, துளை: அங்குல அளவுப் பாட்டுக்கு 9.5 மி.மீ. துளை வேண்டும், மலிவான பேஸ்கள் பலவற்றில் 7 அல்லது 8 மி.மீ. துளைதான் இருக்கும். மூன்று, தண்டு: பக்கவாட்டு ஸ்க்ரூவால் இறுக்கும் நாப்புக்கு 6.35 மி.மீ. கெட்டித் தண்டு, அழுத்திப் பொருத்தும் நாப்புக்கு நடுவில் பிளந்த 6 மி.மீ. தண்டு. பழைய பாட்டைக் கழற்றி அளந்த பிறகு ஆர்டர் செய்யுங்கள்.

பழையதைக் கழற்றும் முன் போட்டோ எடுங்கள். பிரிசிஷனுக்கும் ஜாஸுக்கும் வயரிங் வேறு என்பதுதான் காரணம். பிரிசிஷனில் பிக்அப் வயர் வால்யூம் பாட்டின் ஓரக் காலுக்குப் போய், நடுக் காலிலிருந்து ஜாக்குக்கு வெளியேறும். ஜாஸில் தலைகீழ்: பிக்அப் நடுக் காலுக்கு, வெளியேறுவது ஓரக் காலிலிருந்து. பிரிசிஷன் படத்தைப் பார்த்து ஜாஸுக்குச் சால்டர் வைத்தால் எல்லாம் வேலை செய்வது போலவே இருக்கும். ஒரு வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோனதும் மொத்த பேஸும் ஊமையாகும். அப்படி ஆனால் பிக்அப்பைக் குறைசொல்லாமல் இரண்டு பாட்டிலும் நடுக் காலையும் ஓரக் காலையும் மாற்றுங்கள்.

அடுத்தது, எர்த் வயரைப் பாட்டின் முதுகில் சால்டர் வைப்பது. 25 வாட் அயர்னும் ஊசிமுனை டிப்பும் வைத்துக்கொண்டு அரை நிமிடம் போராடினால், முதுகு சூடாவதற்குள் உள்ளே தடம் வெந்துவிடும். ஈயம் உருண்டையாக மேலே உட்காரும். பார்க்க ஒட்டியது போல இருந்தாலும் அது டிரை சால்டர், அதாவது உள்ளே பிடிக்காத ஒட்டு. குறைந்த சூட்டில் நீண்ட நேரம் வைப்பதைவிட, அதிகச் சூட்டில் சில நொடி வைப்பதே பாட்டுக்குப் பாதுகாப்பு. இப்படிச் செய்யுங்கள்:

1. முதுகில் ஒரு பட்டாணி அளவு இடத்தை உப்புத்தாளால் பளபளக்கும்வரை தேயுங்கள்.
2. வெப்பக் கட்டுப்பாடு உள்ள 60 வாட் அயர்ன், 4 மி.மீ. உளிமுனை டிப், 400 டிகிரி. (காலில் வயர் வைக்க 350 போதும்.)
3. டிப்பைத் தட்டையாக வைத்து, இரண்டு நொடி கழித்து ஈயத்தை டிப்பில் தொடாமல் உலோகத்தில் தொடுங்கள். உருகிப் பரவவேண்டும்.
4. ஐந்து நொடிக்குள் பரவாவிட்டால் எடுத்துவிடுங்கள். முழுதாக ஆறட்டும். மறுபடி தேயுங்கள்.
5. ஈயம் பூசிய வயரை அதன்மேல் வைத்து மீண்டும் உருக்கி, ஆறும்வரை ஆட்டாமல் பிடியுங்கள்.

ஈயம்: உள்ளே ரோசின் ஃப்ளக்ஸ் உள்ள 60/40, 0.8 மி.மீ. கனம். இது 190 டிகிரிக்குள் உருகிவிடும். ஈயமில்லாத வகைக்கு 217க்கு மேல் வேண்டும், புதியவர்களுக்கு அது வீண் அவஸ்தை. ஜன்னலைத் திறந்துவையுங்கள், முடித்ததும் கை கழுவுங்கள். குழாய் வேலைக்கான அமில ஃப்ளக்ஸ் பக்கமே போகாதீர்கள். நாளடைவில் வயரை அரித்துவிடும்.

டோன் கப்பாசிட்டர் 0.047 மைக்ரோஃபாரட், மேலே 473 என்று அச்சிட்டிருக்கும். சாதாரண பாலியெஸ்டர் ஃபிலிம் போதும். எண்ணெயில் ஊறிய பழங்காலத்துக் கப்பாசிட்டருக்குக் கொடுக்கும் பணத்தில் இரண்டு செட் கம்பி வாங்கலாம்.

ஆபீஸ் லேப்டாப்பில் ரெக்கார்டிங்: வேண்டாம்

பேஸைச் சரிசெய்தும் ஹெட்போனில் பட்பட்டென்று வெடிக்கிறது என்றால் பெரும்பாலும் கணினிதான் காரணம். கணினி ஒலியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக (பஃபர்) கையாள்கிறது. 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் என்றால் 2.7 மில்லி நொடி. அதற்குள் ஒவ்வொரு முறையும் கணினி வேலையை முடித்தாகவேண்டும். ஆபீஸ் லேப்டாப்பில் பாதுகாப்பு மென்பொருள் ஒவ்வொரு ஃபைலையும் முகர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். விபிஎன், பேக்கப், அப்டேட் எல்லாம் தங்களுக்குத் தோன்றும்போது விழிக்கும். ஏசியோ டிரைவர் (விண்டோஸில் ஒலித் தாமதத்தைக் குறைக்கும் மென்பொருள்) போட அட்மின் அனுமதி வேண்டும். கெஞ்சி வாங்கிப் போட்டாலும், நிறுவனத்தின் பாலிசி அடுத்த மாதமே அதைக் கழற்றிவிடலாம்.

இதில் ஐடி துறையைத் திட்டுவது நியாயமில்லை. அந்த லேப்டாப் அவர்களுடையது. பூட்டிவைப்பதுதான் அவர்கள் வேலை. உங்கள் பாட்டு நிறுவனத்தின் கிளவுடில் போய் உட்காரவும் வேண்டாம்.

மாற்றாக, நிறுவனங்கள் கழித்துவிட்ட பழைய பிசினஸ் லேப்டாப் நல்ல தேர்வு. ரேம், எஸ்எஸ்டி மாற்றலாம். சர்வீஸ் மேனுவல் கிடைக்கும். விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்ததால், விண்டோஸ் 11 ஏற்காத, ஆனால் ஆரோக்கியமான இயந்திரங்கள் ஏராளம். டிரைவர் கேட்காத கிளாஸ் கம்ப்ளையன்ட் இன்டர்ஃபேஸோடு லினக்ஸ் போட்டால் ரெக்கார்டிங்குக்குத் தாராளம். பணம் கொடுக்கும் முன் இரண்டு சோதனை: பயாஸ் பாஸ்வேர்ட் கேட்கிறதா, ரீசெட் செய்து இணையத்தோடு இணைத்ததும் ஏதாவது நிறுவனத்தின் பெயரில் லாகின் திரை வருகிறதா. இரண்டில் ஒன்று ஆம் என்றாலும் வாங்காதீர்கள்.

பின்சேர்க்கை: அதிகம் கேட்கப்பட்ட இரண்டு

"புது பாட் போட்டதும் நாப் தலைகீழாக வேலை செய்கிறது." ஓரக் கால்கள் இரண்டும் இடம் மாறிவிட்டன. பாட்டை முதுகுப்பக்கமாகப் பார்த்துச் சால்டர் வைக்கும்போது, முன்பக்கப் படத்தைப் பார்த்தால் இப்படி ஆகும். மாற்றி வையுங்கள்.

"திறந்து வைத்தால் சத்தம் வருகிறது, பிளேட்டை மூடி ஸ்க்ரூ இறுக்கியதும் போய்விடுகிறது." ஜாக்கின் சிக்னல் கால், அறையின் ஓரத்தில் ஒட்டிய ஃபாயிலைத் தொடுகிறது. ஜாக்கைக் கால்வாசிச் சுற்று திருப்பி, அந்த சிக்னல் கால், அறையின் நடுவைப் பார்க்கும்படி வைத்து, ஃபாயில்மேல் அந்த இடத்தில் மட்டும் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். மூடும் முன் கேபிளைச் செருகியே பாருங்கள். பிளக் உள்ளே வந்ததும் நாக்கு வெளிப்பக்கமாக விரியும், வெறும் ஜாக்கில் படாத இடம் அப்போதுதான் படும்.