கம்பி மாற்றுவதற்கு முன் பிரிட்ஜைப் பாருங்கள்

மட்டக்களப்பின் கல்லடியில் வாவிக்கரையோரம் ஞாயிறு மாலைகளில் நாங்கள் ஏழெட்டுப் பேர் கிற்றாருடன் கூடுவது வழக்கம். பெயரோ தலைவரோ இல்லாத கூட்டம். களுவாஞ்சிக்குடியிலிருந்து இருவர் வருவார்கள், கல்முனையிலிருந்து ஒருவர் பஸ் பிடித்து வருவார். மாதத்துக்கு ஒருவராவது புதிதாக வந்து சேர்கிறார். பெரும்பாலும் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள்.

போன ஞாயிறு அப்படி ஒரு தம்பி வந்தார். உறையிலிருந்து கிற்றாரை வெளியே எடுத்த உடனேயே எனக்கு நெஞ்சு திக்கென்றது. பதினேழு வயதில் நான் செய்த அதே பிழை அவருடைய மடியில் இருந்தது: நைலோன் நரம்புக் கிற்றாரில் இரும்புக் கம்பி. அன்றிரவே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

விரல் நுனி நோவது, கோர்ட் (பல கம்பிகளை ஒன்றாகப் பிடித்து எழுப்பும் சுரக்கூட்டு) மாற்றும்போது தாளம் தடுமாறுவது, சுருதி சேர்க்கத் தெரியாமல் திணறுவது பற்றியெல்லாம் இங்கே பேசப் போவதில்லை. அவை நாள்பட்ட பழக்கத்தில் தாமாகவே சரியாகிவிடும். பழக்கத்தால் திருத்த முடியாதவை சில உண்டு. அவற்றுக்கு விலை கொடுப்பது வாத்தியம்.

நைலோன் கிற்றாருக்கு இரும்புக் கம்பி

2003ஆம் ஆண்டு மாமா கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்தபோது எனக்கு ஒரு கிற்றார் கொண்டுவந்தார். கிளாசிக்கல் வகை, மேலே மூன்று நைலோன் நரம்புகள், கீழ்ச்சுருதிக்கு வெள்ளி நிறத்தில் மூன்று. நான்கு மாதத்தில் முதல் கம்பி அறுந்தது. நகரத்தில் ஒரு கடைக்குப் போனேன். "கிற்றார் கம்பியா?" என்று கேட்டுவிட்டுக் கம்பிக் கட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். எந்தக் கிற்றாருக்கு என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. ஆறும் இரும்புக் கம்பிகள்.

மாட்டியதும் சத்தம் கணீரென்று வந்தது. தேவாலயப் பாடகர் குழுவில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மூன்று வாரம் அந்தப் பெருமையிலேயே இருந்தேன். பிறகு கோர்ட் பிடிக்கக் கடினமானது. கம்பிகள் நாளுக்கு நாள் உயர்ந்துகொண்டே போயின. என் விரலில் வலு போதவில்லை என்று நினைத்து இன்னும் அழுத்தினேன். பிரிட்ஜுக்கு, அதாவது மேற்பலகையில் ஒட்டியிருந்து கம்பிகளின் அடிநுனியைப் பிடித்திருக்கும் மரத்துண்டுக்கு, பின்னால் பலகை தொப்பை போல் புடைத்திருந்ததை நான் கவனிக்கவேயில்லை. ஒரு நாள் நள்ளிரவில் அறைக்குள் ஏதோ வெடித்தது போன்ற சத்தம். விளக்கைப் போட்டுப் பார்த்தால், பிரிட்ஜ் மேற்பலகையின் மரச் சிராய்களையும் பிய்த்துக்கொண்டு கம்பிகளில் தொங்கிக்கொண்டிருந்தது.

அது ஏன் அப்படி ஆனது என்று விளங்கப் பல ஆண்டுகள் பிடித்தன. இரும்புக் கம்பிக் கட்டு ஒன்றை வழமையான சுருதிக்கு ஏற்றினால், ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ இழுவையைக் கொடுக்கும். நைலோன் கட்டின் இழுவை 40 கிலோ அளவில்தான். படுவான்கரையில் நெல் மூடை தூக்கியவர்களுக்கு 70 கிலோ என்றால் என்னவென்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தப் பாரத்தை இரவும் பகலும் தாங்குவது இரண்டு மூன்று மில்லிமீற்றர் தடிப்புள்ள ஒரு மரப்பலகை.

இரும்புக் கம்பிக் கிற்றாரின் பலகைக்கு அடியில் பெருக்கல் குறி வடிவில் தடித்த சட்டங்கள் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் மார்ட்டின் பட்டறை பரப்பிய முறை அது. கிளாசிக்கல் கிற்றாரில் மெல்லிய சட்டங்கள் விசிறி போல விரிந்திருக்கும். ஸ்பெயின் நாட்டு அன்ரோனியோ டி டொரெஸ் (1817–1892) செப்பமாக்கிய அமைப்பு. அவர் காலத்தில் நைலோனே கிடையாது. 1940களில்தான் அது வந்தது. அதுவரை மேல் மூன்றும் மிருகக் குடலில் திரித்த நரம்புகள்தான். மென்மையான இழுப்புக்கென்று செய்த பலகை என்பதால்தான் அது அவ்வளவு இனிமையாக அதிர்கிறது. அந்த மென்மையின் மீதுதான் நாம் நெல் மூடையை ஏற்றுகிறோம். பல கிளாசிக்கல் கிற்றார்களின் கழுத்துக்குள் வளைவைத் தாங்கும் இரும்புக் கோலும் இருப்பதில்லை. பலகை தப்பினால் கழுத்து வளையும்.

புதியவர்கள் ஏமாறும் இடம் எனக்குத் தெரியும். "அண்ணன், இதில் முதலிலேயே மூன்று இரும்புக் கம்பி இருந்ததே" என்றார் அந்தத் தம்பி. நானும் அன்று அதைத்தான் நினைத்தேன். அந்த மூன்றும் இரும்பு இல்லை. உள்ளே நைலோன் இழைக் கற்றை; அதன் மேல் மெல்லிய உலோக நூல் சுற்றப்பட்டிருக்கும். பழைய கம்பி ஒன்றின் நுனியை வெட்டிப் பிரித்துப் பாருங்கள், பட்டு நூல் போல வெள்ளையாக இழைகள் பிரிந்து வரும்.

எது எந்தக் கிற்றார் என்று கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். முதலில் பிரிட்ஜ். கம்பியைத் துளைக்குள் விட்டு முடிச்சுப் போட்டுக் கட்டும் அமைப்பு என்றால் நைலோன். ஆறு சிறு முளைகள் கம்பியின் நுனிக் குண்டை உள்ளே அழுத்திப் பிடித்திருந்தால் இரும்பு. அடுத்தது தலைப்பகுதி. இரண்டு நீளச் சாளரங்களும் அவற்றுக்குள் தடித்த பிளாஸ்டிக் உருளைகளும் இருந்தால் பெரும்பாலும் கிளாசிக்கல். கழுத்தின் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். தலைக்குக் கீழே உள்ள வெள்ளைத் துண்டு கிளாசிக்கலில் 52 மில்லிமீற்றர் அளவு இருக்கும், இரும்புக் கம்பிக் கிற்றாரில் 43 அளவு. ஆனால் மாட்ட முடிகிறது என்பதை மட்டும் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரும்புக் கம்பியின் குண்டு நுனி, கிளாசிக்கல் பிரிட்ஜின் துளையிலும் நன்றாகவே தங்கி நிற்கும். என்னை ஏமாற்றியதும் அதுதான்.

என் கிற்றாரின் கதை அங்கே முடியவில்லை. தெரிந்த ஒரு தச்சரிடம் கொண்டுபோனேன். நல்ல மனிதர், கதவு நிலைக்குச் செய்வதைச் செய்தார்: பசை பூசி, இரண்டு ஆணி முறுக்கி இறுக்கிக் கொடுத்தார். நான் மறுபடியும் இரும்புக் கம்பியையே மாட்டினேன். அடுத்த மாதம் ஆணி போன இடத்திலிருந்து ஒலித்துளை வரை பலகை நீளமாகப் பிளந்தது. மாமா அடுத்த விடுமுறையில் வந்து "எங்கே மகன் கிற்றார்?" என்று கேட்டார். இன்றைக்கும் கடைகளில் எந்தக் கிற்றாருக்கு என்று கேட்காமல் கம்பியை நீட்டுவதைக் காணும்போது எனக்குக் கோபம் வருகிறது. கேட்க ஒரு நொடி போதும்.

மாறாக, இரும்புக் கம்பிக் கிற்றாரில் நைலோன் மாட்டினால் உடைவது ஒன்றுமில்லை. சத்தம்தான் செத்துப்போகும்.

கம்பியின் உயரம்

வாசிப்பதைக் கைவிட்ட பிள்ளைகளில் பாதிப் பேரை விரட்டியது இதுதான் என்பது என் எண்ணம். பாடசாலை அடிமட்டத்தைப் பன்னிரண்டாவது பிரெட்டின் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) மேல் நிறுத்தித் தடித்த கம்பியின் அடிப்பக்கம் வரை அளவெடுங்கள். இரும்புக் கம்பிக் கிற்றாரில் இரண்டரை மில்லிமீற்றர், கிளாசிக்கலில் நான்கு; இந்த அளவுகளை ஒட்டி இருந்தால் நல்லது. மலிவான கிற்றார்கள் சில ஐந்து, ஆறு என்று நிற்கும். அதில் எப். கோர்ட் பிடிக்க முடியாமல் அழுத பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். பிரிட்ஜின் மேல் உள்ள வெள்ளைத் துண்டைக் கழற்றி, அதன் அடிப்பக்கத்தைச் சமதளத்தில் விரித்த மணல்தாளில் சிறிது சிறிதாகத் தேய்த்தால் கம்பி இறங்கும். மேல்பக்கத்தைத் தேய்க்க வேண்டாம். எவ்வளவு இறங்க வேண்டுமோ அதன் இரு மடங்கைத் தேய்க்க வேண்டியிருக்கும். தேய்ப்பதற்கு முன், பலகை புடைத்ததால் கம்பி உயரவில்லை என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கழுத்துக் கோலைத் திருகுவது

உயரத்தைக் குறைக்க அதைத் திருகாதீர்கள். அது கழுத்தின் வளைவுக்கானது. அதற்கும் ஒரு தடவையில் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம்.

வெயில்

கச்சான் காற்று வீசும் மாதங்களில் பூட்டிய காருக்குள் வெப்பம் 60 பாகையை நெருங்கும். கிற்றாரை ஒட்டியிருக்கும் பசை அந்தச் சூட்டில் இளகத் தொடங்கும். கம்பியின் இழுவை மிச்சத்தைச் செய்துவிடும். தகரக் கூரைக்கு நேர் கீழே அலுமாரியின் மேல் வைப்பதும் ஏறக்குறைய இதே கதைதான்.

மாரி

நவம்பர் முதல் ஜனவரி வரை மரம் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும். கம்பி சற்று உயரும், ஒலி மந்தமாகும். உறைக்குள் இரண்டு சிலிக்கா பொட்டலம் போட்டு, மழை நனைக்கும் வெளிச்சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள். நனைந்து வந்த உறைக்குள் கிற்றாரை அப்படியே மூடி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

உப்பு

கடலுக்கும் வாவிக்கும் நடுவில் வாழ்கிறோம். இரும்புக் கம்பி இங்கே சீக்கிரம் துருவேறும். வியர்வை சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். எங்கள் தெருவில் வயதான பறங்கியர் ஒருவர் இருந்தார். கல்யாண வீடுகளில் கஃப்ரிஞ்ஞா ஆட்டத்துக்கு வயலினுடன் சேர்ந்து கிற்றார் வாசிப்பவர். வாசித்து முடித்ததும் பழைய பருத்தித் துணியொன்றைக் கம்பிக்கு அடியில் விட்டு, பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்து, தலையிலிருந்து ஒலித்துளை வரை ஒவ்வொரு கம்பியாக உருவுவார். துணியில் கறுப்புக் கோடு விழும். கோடு விழாமல் போகும் வரை உருவிவிட்டுத்தான் தேநீரைத் தொடுவார். அதைப் பார்த்துப் பார்த்தே நானும் பழகிக்கொண்டேன்.

சுவரில் சாய்த்து வைப்பது

வேண்டாம். ஒரு பூனை போதும்.

பிரிட்ஜ் எழும்பத் தொடங்கிவிட்டால்

போன ஞாயிறு அந்தத் தம்பியின் கிற்றாரில் செய்ததைச் சொல்கிறேன். பஸ் டிக்கெட் ஒன்றை எடுத்துப் பிரிட்ஜின் பின்விளிம்புக்கும் பலகைக்கும் இடையில் மெல்லத் தள்ளினேன். ஒட்டு நன்றாக இருந்தால் தாள் விளிம்பிலேயே நின்றுவிடும். இது இரண்டு மில்லிமீற்றர் உள்ளே போனது. தம்பியின் முகம் வாடிவிட்டது.

அந்த இடத்திலேயே ஆறு கம்பிகளையும் தளர்த்தினோம். ஒரே கம்பியை முழுதாகத் தளர்த்தாமல், முறுக்காணிகளை மாறி மாறிச் சில சுற்றுகள் விட்டோம். கடையில் விற்கும் உடனடிப் பசையை இடுக்குக்குள் ஊற்ற வேண்டாம் என்று மூன்று தடவை சொன்னேன். அது மேலே மட்டும் இறுகி, பிறகு முறையாக ஒட்ட வருபவருக்குத் தலைவலியாகும். பிரிட்ஜைச் சூடு காட்டி முழுதாகக் கழற்றி, பழைய பசையை வெறும் மரம் தெரியும் வரை சுரண்டி, மரப் பசை பூசி, கவ்வியால் ஒரு முழு நாள் இறுக்கி வைக்க வேண்டும். எங்கள் கூட்டத்தில் ஒருவர் இதுவரை மூன்று கிற்றாருக்கு அதைச் செய்திருக்கிறார். வரும் சனிக்கிழமை அவர் வீட்டில் வேலை. நைலோன் கட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது, நான் கொண்டுபோகிறேன்.