நூல் பிடித்த சால்: டிராக்டரில் எம்.பி. (மோல்டு போர்டு) கலப்பையைக் கட்டும் முறை

பெங்களூரை ஒட்டிய ஆனேக்கல், சர்ஜாப்பூர், ஹொசகோட்டே பக்கம் நிலமெல்லாம் துண்டு துண்டாகிவிட்டது. 20 குண்டே, 30 குண்டே (40 குண்டே ஓர் ஏக்கர்) நிலத்தில் சால் (உழவுக் கோடு) கோணினால் மூலையில் ஆப்பு ஆப்பாக உழாத இடம் மிஞ்சும். அதை முடிக்க வண்டியை முன்னும் பின்னும் ஓட்டியே டீசல் கரையும். ஸ்டீயரிங்கை ஒடித்து ஒடித்துச் சரிக்கட்டப் பார்ப்பதில் பயனில்லை. கோணல் பெரும்பாலும் கலப்பையைக் கட்டிய விதத்திலேயே இருக்கும். கீழே சொல்லும் அளவுகள் 40–45 எச்.பி. வண்டிக்கும், வலப்பக்கம் மண் புரட்டும் 12 அங்குல இரட்டைக் கொழு (மண்ணை வெட்டும் இரும்பு) எம்.பி. கலப்பைக்கும் உரியவை.

முதலில் கொழு

ஒரு நேரான இரும்புப் பட்டையைக் கொழு முனையிலிருந்து பக்கத் தகட்டின் (சாலின் சுவரை உரசி ஓடும் தகடு) வால் வரை அடியில் வைத்துப் பாருங்கள். நடுவில் 3 முதல் 5 மி.மீ. இடைவெளி இருக்கணும். பக்கவாட்டில் வைத்தாலும் 5 மி.மீ. அளவுக்கு வெளிச்சம் தெரியணும். இந்த இடைவெளிதான் கலப்பையை மண்ணுக்குள் இழுக்கிறது. இந்தப் பக்கத்துச் செம்மண்ணில் சரளை அதிகம் என்பதால் முனை சீக்கிரம் தேயும். தேய்ந்த கொழு இறங்காமல் மேலேயே வழுக்கும். உடனே கல்லைக் கட்டி வைப்பது, ஆளை மேலே உட்கார வைப்பது என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். ஆளை ஏற்றவே கூடாது; ஒரு கல்லில் மோதினால் விழுவது கொழுவுக்கு முன்னால்தான். கொழுவை மாற்றுங்கள், அல்லது பட்டறையில் கொடுத்து முனை தட்டி வாங்குங்கள்.

இரண்டு பின் டயரிலும் காற்று சமமாக இருக்கணும். ஒன்றில் குறைந்தாலும் கீழே செய்யும் மட்டம் எல்லாம் வீண்.

மட்டம் பார்ப்பது

உழும்போது வலது சக்கரம் முந்தைய சாலுக்குள் ஓடும், இடது சக்கரம் உழாத நிலத்தின் மேல் ஓடும். ஆக வண்டி சாய்ந்தே நடக்கும். கலப்பை மட்டும் மட்டமாக நிற்கணும். இதை வயலுக்குப் போகும் முன்பே சமதரையில் செய்துவிடலாம். 18 செ.மீ. ஆழம் உழப்போகிறோம் என்றால், இடப்பக்கத்து முன், பின் சக்கரம் இரண்டின் அடியிலும் 15 செ.மீ. கனமுள்ள கட்டையைக் கொடுத்து வண்டியை ஏற்றி நிறுத்துங்கள். டயர் மண்ணில் அமுங்குவதற்காக 2–3 செ.மீ. குறைத்திருக்கிறோம். ஹேண்ட் பிரேக் போட்டு, கலப்பையைத் தரையில் இறக்குங்கள்.

வலது லிப்ட் ராடின் (கலப்பையைத் தூக்கும் கம்பி) கைப்பிடியைச் சுற்றி நீளத்தைக் குறையுங்கள். பின்னால் நின்று பார்த்தால் கலப்பையின் கால்கள் (கொழுவைத் தாங்கும் தண்டுகள்) தரைக்குச் செங்குத்தாக நிற்கணும். பிறகு பக்கவாட்டில் நின்று டாப் லிங்க்கைச் (வண்டியையும் கலப்பையையும் மேலே இணைக்கும் கம்பி) சரிசெய்யுங்கள். இரண்டு கொழு முனையும் ஒருசேரத் தரையைத் தொடணும், சட்டம் தரைக்கு இணையாக இருக்கணும். டாப் லிங்க் குட்டையானால் முன் கொழு குத்தி ஆழமாக இறங்கும், பின் கொழு மேலே தூக்கும். நீளமானால் வால் அழுந்தி, முனை மண்ணைக் கடிக்காது.

அகலம்

நேர்ச்சாலின் உயிர் இந்த அளவில்தான் இருக்கிறது. வலது பின் டயரின் உள்முகத்திலிருந்து முதல் கொழுவின் முனை வரை டேப் பிடித்தால் 30 செ.மீ. வரணும். இரண்டாம் கொழு தானாகவே இன்னொரு 30 செ.மீ. எடுக்கும். முதல் கொழு கூடவோ குறையவோ எடுத்தால், சுற்றுக்குச் சுற்று ஒரு மேடோ பள்ளமோ வரிவரியாகத் தெரியும். கலப்பையை வண்டியோடு கோக்கும் குறுக்கு ஷாப்டின் போல்ட்டைத் தளர்த்தி நகர்த்தினால் இது சரியாகும். அதிலும் அடங்கவில்லை என்றால் டிராக்டரின் சக்கர இடைவெளியைத்தான் மாற்றணும். முன் சக்கரத்தின் உள்முகமும் பின் சக்கரத்தின் உள்முகமும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

செக் செயினை (கலப்பை பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்கும் சங்கிலி) உழும்போது கொஞ்சம் தளர்த்தி விடணும்; கலப்பை இருபுறமும் 5 செ.மீ. அசைய இடம் வேண்டும். இறுக்கிக் கட்டினால் ஸ்டீயரிங்கின் ஒவ்வொரு சின்ன அசைவும் சாலில் விழும். ரோட்டில் போகும்போது மறக்காமல் இறுக்குங்கள். ஹைட்ராலிக்கில், இழுவைக்கு ஏற்ப ஆழத்தைச் சரிசெய்யும் டிராப்ட் லீவரைப் பயன்படுத்துங்கள். ஒரே உயரத்தில் நிறுத்தும் பொசிஷன் லீவர் ரொட்டவேட்டருக்கு ஏற்றது.

முதல் சால்

கோடை மழை ஒன்றிரண்டு பெய்த பிறகு 15 செ.மீ. ஆழத்து மண்ணை எடுத்து உருண்டை பிடியுங்கள். விரலால் தட்டினால் உதிரணும். பிசுபிசுத்தால் இரண்டு நாள் பொறுங்கள். ஈரச் செம்மண்ணைப் புரட்டினால் கட்டி கட்டியாகக் காய்ந்து, ராகி விதைப்புக்கு உதவாது.

இரு தலைமாட்டிலும் வண்டி திரும்ப 6–8 மீட்டர் விட்டு, இந்தக் கோடி, அந்தக் கோடி, நடுவில் என்று மூன்று கம்பு நடுங்கள். சரிவான நிலம் என்றால் சால் சரிவுக்குக் குறுக்கே போகணும். கண் கடைசிக் கம்பில் இருக்கட்டும். திரும்பித் திரும்பிப் பார்த்தால் கை தானாகவே அந்தப் பக்கம் இழுக்கும். முதல் சாலில் இரு சக்கரமும் மேல்நிலத்தில் ஓடுவதால், வலது லிப்ட் ராடையும் டாப் லிங்க்கையும் சரிசெய்து, பின் கொழு பாதி ஆழமும் முன் கொழு மேலாகக் கீறும் அளவும் இறக்குங்கள். இரண்டாம் சுற்றில் சக்கரம் சாலுக்குள் வந்ததும் இரண்டையும் பழைய அளவுக்கே கொண்டுவாருங்கள். 10 மீட்டர் போய் நிறுத்தி, இறங்கி, குச்சியால் இரண்டு சாலின் ஆழத்தையும் அளந்து பாருங்கள். வேகம் மணிக்கு 4–5 கி.மீ. போதும். அந்த வேகத்தில், திரும்பும் நேரமும் சேர்த்து, மணிக்கு ஏறக்குறைய 20 குண்டே முடியும்.

கோணினால்

முதல் சால் வளைந்துவிட்டால், அடுத்த சுற்றுகள் அதையே பின்பற்றும். உள்ளே குழிந்த இடத்தில் மட்டும் கொழு இறக்கி, இரண்டு மூன்று துண்டுச் சால் ஓட்டி நேராக்கிக்கொள்ளுங்கள். கலப்பையின் வால் சாலின் சுவர்ப்பக்கமாகச் சாய்ந்தே நடந்தால் பக்கத் தகடு தேய்ந்திருக்கும். வண்டியின் மூக்கு லேசாகி ஸ்டீயரிங் பிடி கொடுக்காவிட்டால் முன்னால் எடைக் கட்டை போடுங்கள். ஷியர் போல்ட் (மோதினால் கலப்பையைக் காக்கத் தானே அறுந்துவிடும் போல்ட்) அடிக்கடி அறுந்தால், வீட்டுமனை லேஅவுட் போட்டுக் கைவிட்ட நிலமா, தைலமரம் வெட்டிய நிலமா என்று விசாரியுங்கள். மண்ணுக்குள் எல்லைக்கல்லும் வேரும் கிடக்கும். அங்கே கனமான போல்ட் போட்டுத் தப்பிக்கப் பார்க்காதீர்கள், அடுத்து வளைவது கலப்பையின் கால். அதே அளவு, அதே ரக போல்ட்டை நாலைந்து கையிருப்பில் வைத்திருங்கள்.

இரட்டைப் பக்கம் புரட்டும் ரிவர்சிபிள் கலப்பைக்கு லிப்ட் ராடு இரண்டும் ஒரே நீளம் இருக்கணும். மட்டத்தை அதன் ஸ்டாப் போல்ட்டில், வலதுக்குத் தனியாக, இடதுக்குத் தனியாக வைக்கணும். டாப் லிங்க் விஷயம் மேலே சொன்னதேதான்.