வால்வு ரேடியோ ஸ்பீக்கரை மாத்தறதுக்கு முன்னாடி அது மாட்டியிருக்கற விதத்தை பாருங்க

மர்ஃபி, புஷ், பிலிப்ஸ்னு பழைய கண்ணாடிக் குழாய் வால்வு செட்டு எதுவா இருந்தாலும் பாட்டு கரகரன்னு வந்தா உடனே புது ஸ்பீக்கர் தேடாதீங்க, நிறைய செட்டுல ஸ்பீக்கர் நல்லாதான் இருக்கும், அதை பலகையில மாட்டின விதம்தான் கோளாறா இருக்கும்.

ப்ளக்கை பிடுங்குங்க. உள்ள கரண்ட்டை சேத்து வைக்கற பெரிய கண்டென்சர்ல 250 வோல்ட்டு பக்கம் நிக்கும், மீட்டர் வச்சு இறங்கிடுச்சான்னு பாத்துட்டு கை வைங்க. ஸ்பீக்கர் ஒயரை கழட்டி வச்சிட்டு செட்டை ஆன் பண்ணவே கூடாது, லோடு இல்லன்னா வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல இருக்கற அவுட்புட் ட்ரான்ஸ்பார்மர் போயிடும், அதை சுத்தித் தர ஆள் கிடைக்கறது இப்போ குதிரைக்கொம்பு.

கோனை, அதாவது ஸ்பீக்கர்ல அதிர்ற பேப்பர் கூம்பை, ரெண்டு பக்கமும் விரல் வச்சு சமமா, மெதுவா அழுத்துங்க. சரக் சரக்னு உரசுதா? ஸ்பீக்கரை பலகையில பிடிச்சிருக்கற நாலு நட்டையும் லூஸ் பண்ணிட்டு திரும்ப அழுத்துங்க. இப்ப உரசலைன்னா பலகை வளைஞ்சிருக்கு, இல்ல யாரோ நட்டை வெறி வந்த மாதிரி முறுக்கியிருக்காங்க, அதுல ஃப்ரேம் கோணி, கோனோட ஒட்டியிருக்கற கம்பிச்சுருள் (வாய்ஸ் காயில்) காந்தத்துல இடிக்குது. வேலூர் வெயில்ல இத்தனை வருஷம் கெடந்த ப்ளைவுட்டு வளையாம இருந்தாதான் அதிசயம்.

ஃப்ரேமுக்கும் பலகைக்கும் நடுவுல 2, 3 மில்லிமீட்டர் ஃபெல்ட்டு வளையம் வெட்டி வைங்க. ஆம்பூர், பேரணாம்பட்டு ஷூ கம்பெனில சொந்தக்காரங்க யாராவது இருந்தா வெட்டி மிஞ்சின துண்டு கேளுங்க, அதுவே தாராளம். சந்து எங்கயும் விடக்கூடாது, ஏன்னா கோன் முன்னாடி காத்தை தள்ளும்போது பின்னாடி இழுக்குது, ரெண்டும் சந்து வழியா சேந்துட்டா பேஸ் அப்படியே அடிபட்டுப் போயிடும். நட்டை கார் வீல் மாதிரி எதிரெதிரா, கொஞ்சம் கொஞ்சமா டைட் பண்ணுங்க, ஃபெல்ட்டு லேசா அமுங்கினா நிறுத்திக்கலாம்.

முன்துணி கிழிஞ்சிருந்தா குடியாத்தம் லுங்கி துண்டை ஒட்டாதீங்க, நெசவு நெருக்கம், ட்ரெபிள் மங்கிடும். வாயில வச்சு ஊதினா காத்து சுலபமா போற துணிதான் வேணும்.

சவுண்டு ஏத்தினா ஊஊன்னு ஊளை விடுதா, ஸ்பீக்கர் அதிர்வு, ஸ்டேஷன் மாத்தும்போது சுத்தற கேங் கண்டென்சர் தகடு வரைக்கும் போகுது. பாகங்களை மாட்டியிருக்கற இரும்புத் தட்டு (சேசிஸ்) அடியில இருக்கற ரப்பர் கல்லு மாதிரி ஆகியிருக்கும், புதுசு போடுங்க. பேஸ் கூடும்னு பின்பலகை ஓட்டையை மட்டும் அடைக்காதீங்க சாமி, வால்வு சூடு வெளிய போகணும்.

இவ்வளவும் பண்ணி இன்னும் குரல் உடையுதுன்னா அவுட்புட் வால்வுக்கு சிக்னலை கொண்டு போற கப்ளிங் கண்டென்சர் லீக் ஆகுதான்னு பாக்கணும். செட்டு ஓடும்போது அந்த வால்வோட கிரிட்ல (சிக்னல் உள்ள போற முனை) ப்ளஸ் வோல்ட்டேஜ் காட்டினா பெரும்பாலும் அதுதான் கோளாறு, ஆனா பழக்கம் இல்லாதவங்க இதை மெக்கானிக்கிட்ட விட்டுடுங்க.