கடல் தண்ணீரில் முட்டை மிதக்குமா? உப்பை வைத்துச் சின்னப் பிள்ளைகள் செய்யும் சோதனைகள்

உப்புத் தண்ணீரில் முட்டை மிதக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். கடலில் இருப்பதும் உப்புத் தண்ணீர்தான். ஆனால் புதிய கோழிமுட்டையைக் கடல் தண்ணீரில் போட்டால் அது நேராக அடியில் போய் உட்கார்ந்துவிடும். ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு சோதனையை இந்த இடத்திலிருந்து தொடங்குவது நல்லது. உப்பு இருக்கிறதா என்பதோடு கேள்வி முடியவில்லை, எவ்வளவு இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தானாகவே புலப்படும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இதற்குத் தேவையான எதற்கும் அலைய வேண்டாம். கல் உப்பு, முட்டை, முற்றத்துச் செம்பருத்தி, ஒரு பாட்டில் கடல் தண்ணீர் போதும்.

கடல் தண்ணீர் எடுப்பது

இது பெரியவர்கள் வேலை. அலை அடங்கிய நேரத்தில், கணுக்கால் ஆழத்தில் நின்று ஒரு லிட்டர் எடுத்தால் போதும். பொழிமுகத்தில் மட்டும் எடுக்காதீர்கள். மணக்குடியில் பழையாறும், தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறை ஆறும் கடலில் சேர்கின்றன. மழைக்காலத்தில் அங்கே ஆற்றுத் தண்ணீர் கலந்து உப்பு குறைந்திருக்கும், கணக்கு பிசகும். எடுத்த தண்ணீரை அரை மணி நேரம் அசையாமல் வைத்துவிட்டு, வெள்ளைத் துணியை நாலாக மடித்து வடிகட்டுங்கள். மணவாளக்குறிச்சிப் பக்கம் எடுத்த தண்ணீர் என்றால் பாட்டிலின் அடியில் கறுப்பு மணல் கொஞ்சம் தங்கும். அதில் பெரும்பகுதி இல்மனைட் என்ற தாது.

முட்டைச் சோதனை

தேவையானவை: வாய் அகலமான கண்ணாடிப் பாட்டில் இரண்டு, புதிய முட்டை ஒன்று, கல் உப்பு 100 கிராம், மேசைக்கரண்டி, குடிதண்ணீர், வடிகட்டிய கடல் தண்ணீர் அரை லிட்டர்.

1. ஒரு பாட்டிலில் 500 மி.லி. குடிதண்ணீர் ஊற்றி முட்டையை மெதுவாக இறக்குங்கள். அது அடியில் படுத்துக் கிடந்தால் புதிய முட்டை. நிமிர்ந்து நின்றால் கொஞ்சம் பழசு. மிதந்தால் எடுத்து எறிந்துவிடுங்கள்.
2. அதே முட்டையைக் கடல் தண்ணீர் உள்ள பாட்டிலில் போடுவதற்கு முன், மிதக்குமா மூழ்குமா என்று பிள்ளையைச் சொல்லவையுங்கள். சொன்னதைத் தாளில் எழுதவும் வேண்டும். எழுதாவிட்டால், "நான் அப்பவே சொன்னேன்ல" என்று கட்சி மாறிவிடுவார்கள்.
3. குடிதண்ணீர் பாட்டிலிலிருந்து முட்டையை எடுத்துவிட்டு, தலைதட்டிய ஒரு மேசைக்கரண்டி கல் உப்பைப் போட்டுக் கரையும்வரை கலக்குங்கள். இது ஏறக்குறைய 15 கிராம். பிறகு முட்டையைப் போட்டுப் பாருங்கள்.
4. இப்படியே ஒவ்வொரு கரண்டியாகக் கூட்டுங்கள். ஒவ்வொரு முறையும் முட்டையை வெளியே எடுத்த பிறகே கலக்க வேண்டும்.

முதல் கரண்டி போட்டதும் தண்ணீர் ஏறக்குறைய கடல் அளவு உப்புக்கு வந்துவிடும். கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. முட்டை அப்போதும் அசையாது. பெரும்பாலும் நான்காவது அல்லது ஐந்தாவது கரண்டியில்தான் அடியை விட்டுக் கிளம்பும். அதற்கு முந்தின கரண்டியில் உற்றுப் பாருங்கள்: முட்டையின் மழுங்கிய முனை மட்டும் லேசாகத் தூக்கும், கூர்முனை அடியைத் தொட்டபடி இருக்கும். காற்றறை மழுங்கிய முனையில்தான் இருக்கிறது.

காரணத்தை எண்களாகவே சொல்லிவிடலாம். 55 கிராம் முட்டை சுமார் 51 மி.லி. இடத்தை அடைத்துக்கொள்ளும். அத்தனை நல்ல தண்ணீரின் எடை 51 கிராம், கடல் தண்ணீர் என்றால் 52 கிராம். இரண்டும் 55-ஐ எட்டவில்லை, அதனால் முட்டை மூழ்குகிறது. அந்த 51 மி.லி. தண்ணீரின் எடை 55 கிராமைத் தாண்டும்வரை நாம் உப்பு போட்டுக்கொண்டே போகிறோம். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இது போதும், "அடர்த்தி" என்ற சொல்லைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆறு கரண்டி போட்டும் மிதக்கவில்லையா? பாட்டிலின் அடியைப் பாருங்கள், உப்பு கரையாமல் கிடக்கும். கல் உப்பு முழுதாகக் கரைய ஐந்து நிமிடமாவது ஆகும், பிள்ளைகளுக்கு அந்தப் பொறுமை இருக்காது. தூள் உப்பு சீக்கிரம் கரையும். ஆனால் கட்டிபிடிக்காமல் இருக்க அதில் சேர்க்கும் பொருளால் தண்ணீர் கலங்கித் தெரியும்.

இதிலேயே ஒரு வேடிக்கை உண்டு. 250 மி.லி. தண்ணீரில் மூன்று கரண்டி உப்பைக் கரைத்து முட்டையை மிதக்கவிடுங்கள். தண்ணீரின் மேல் மட்டத்தையொட்டி ஒரு கரண்டியைப் பிடித்து, அதன் முதுகில் வழிகிறமாதிரி இன்னொரு 250 மி.லி. நல்ல தண்ணீரை மிக மெதுவாக ஊற்றுங்கள். முட்டை மேலேயும் வராமல் கீழேயும் போகாமல் நடுவில் நிற்கும். வேகமாக ஊற்றினால் இரண்டும் கலந்துவிடும், திரும்ப முதலிலிருந்துதான். முட்டையைத் தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும்.

தட்டில் ஓர் உப்பளம்

புத்தளத்திலும் சாமிதோப்பிலும் அளத்தில் நடப்பதன் சின்ன வடிவம் இது. கண்ணாடி அல்லது பீங்கான் தட்டு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். எவர்சில்வர் வேண்டாம், உப்பு நாள்கணக்கில் நின்றால் புள்ளி விழும். விளிம்பைச் சுற்றித் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். தடவாவிட்டால் உப்பு விளிம்பேறி வெளியே பூத்துவிடும். ஒவ்வொன்றிலும் 100 மி.லி. கடல் தண்ணீரை அளந்து ஊற்றி, ஒன்றை மாடி வெயிலிலும் மற்றதை நிழலிலும் வலை போட்டு மூடி வையுங்கள். மற்ற எல்லாம் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

அடுப்பில் கொதிக்கவைத்து அவசரப்படுத்த வேண்டாம். கெட்டியாகும்போது உப்பு தெறிக்கும்.

தண்ணீர் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை உப்பு பெரிதாகத் தென்படாது. இந்த இடத்தில்தான் பலர் "ஒண்ணும் வரல" என்று தட்டைக் கவிழ்த்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு மேல்மட்டத்தில் குண்டூசித் தலை அளவுக்குச் சதுரச் சதுரமாக மிதக்கும். லென்ஸில் பார்த்தால் ஒவ்வொன்றின் நடுவிலும் தெப்பக்குளத்துப் படிபோல உள்நோக்கி இறங்கும் பள்ளம் தெரியும். விளிம்பு வேகமாகவும் நடுப்பகுதி மெதுவாகவும் வளர்வதால் இப்படி. வெயில் தட்டில் மணி பொடியாகவும், நிழல் தட்டில் பெரிதாகவும் இருக்கும், ஏனென்றால் மெதுவாக வற்றினால் வளர நேரம் கிடைக்கிறது. 100 மி.லி.க்குக் கிடைப்பது மூன்றரை கிராம்தான், அரைத் தேக்கரண்டிக்குக் கொஞ்சம் மேல்.

கடைசியில் கொஞ்சம் ஈரம் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டே இருக்கும். அது மெக்னீசிய உப்புகள், கசக்கும். அளத்தில் அந்தக் கடைசித் தண்ணீரை வடித்து அகற்றிவிடுவார்கள். தட்டில் வந்ததைப் பிள்ளைகள் வாயில் வைக்க வேண்டாம்.

இந்தச் சோதனைக்கு ஜனவரி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். நமக்கு ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். பகலில் காய்ந்த தட்டு விடியும்போது நனைந்திருக்கும். அந்த மாதங்களில் தட்டை ராத்திரி ஒரு டப்பாவில் போட்டு இறுக மூடி வையுங்கள்.

செம்பருத்திச் சாறு

ஐந்து சிவப்புச் செம்பருத்தியின் இதழ்களை மட்டும் எடுத்து, 150 மி.லி. சுடுதண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு வடிகட்டுங்கள். கசக்கினால் வழவழவென்று கொழகொழப்பு இறங்கும், ஊறவிட்டால் போதும். ஆழ்துளைக் கிணற்றுக் கடினநீர் வேண்டாம், சாறு ஆரம்பத்திலேயே மங்கிப்போகும். கேன் தண்ணீர் நல்லது.

மூன்று தம்ளரில் பிரித்து, ஒன்றில் எலுமிச்சைச் சாறு, ஒன்றில் ஆப்பச்சோடா கரைசல், ஒன்றில் உப்புத் தண்ணீர் விடுங்கள். எலுமிச்சை பளிச்சென்ற சிவப்பாக்கும், சோடா பச்சையாக்கும். உப்பு எதுவும் செய்யாது. முட்டையைத் தூக்கிய உப்பு இங்கே ஏன் சும்மா இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள்: அது அமிலமும் இல்லை, காரமும் இல்லை. பிறகு பச்சைத் தம்ளரில் எலுமிச்சையைச் சொட்டுச் சொட்டாக எண்ணி விடச் சொல்லுங்கள், எத்தனையாவது சொட்டில் சிவப்பு திரும்புகிறது என்று எழுதட்டும். நுரைத்துப் பொங்கும், கீழே அகலமான தட்டு வையுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பை இதற்குக் கொடுக்காதீர்கள், கண்ணில் பட்டால் ஆபத்து.

சாறு மறுநாளே கெட்டுவிடும். மிஞ்சியதை ஐஸ் தட்டில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தால் அடுத்த வாரத்துக்கும் ஆகும். அந்தத் தட்டில் சாப்பாட்டுச் சாமான் எதையும் வைக்காமல் தனியாக ஒதுக்கிவிடுங்கள்.