கம்ப்யூட்டருக்கு மாறிய கடை மறுபடி நோட்டுக்குப் போவது ஏன்?

2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தபோதும், 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோதும், ஒரே வாரத்தில் கம்ப்யூட்டருக்கு மாறிய சின்ன நிறுவனங்கள் ஏராளம். ஈரோடு, திருப்பூர் பக்கம் ஜவுளிக் கடைகளுக்கும் குடோன்களுக்கும் கணக்கு மென்பொருள் போட்டுக்கொடுப்பதுதான் என் வேலை. ஆறு மாசம் கழித்துப் போய்ப் பார்த்தால் மேஜையில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும், பக்கத்திலேயே பழைய நீள நோட்டும் திறந்திருக்கும்.

அந்த நோட்டைப் பார்த்ததும் பல முதலாளிகள் பிடுங்கிப் பீரோவில் பூட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், முதலில் படித்துப் பாருங்கள். ஒரு குடோனில் சரக்குப் பொறுப்பாளரோடு உட்கார்ந்து நோட்டைப் புரட்டினேன். ஓரத்தில் பென்சிலில் 'கறை 4', 'வேன் நாளைக்கு', 'பழைய விலை சொல்லியாச்சு' என்று குறிப்புகள். மென்பொருளில் அளவுக்கும் விலைக்கும் ஹெச்எஸ்என் எண்ணுக்கும் (ஜிஎஸ்டிக்காகச் சரக்கின் வகையைக் குறிக்கும் எண்) கட்டம் இருந்தது, கறை பட்ட 4 வேட்டியை எங்கே எழுதுவது என்று யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. "இதுல ஏத்துனா நல்ல சரக்குன்னு காட்டுமுங்க, கவுண்டர்ல எடுத்துக் குடுத்துருவாங்க" என்றார். அவர் பயம் நியாயமானது. டாலி என்ற கணக்கு மென்பொருளில் குடோன் என்றே ஒரு வசதி இருக்கிறது, அதில் 'சேதாரம்' என்று ஒன்றை உருவாக்கி அந்த 4 வேட்டியை அதற்கு மாற்றிக் காட்டினேன். பத்து நிமிஷ வேலை, ஆனால் ஆறு மாசமாக யாரும் அவரைக் கேட்கவே இல்லை.

அப்புறம் பெயர்கள். அவசரத்தில் பழைய எக்செல்லை அப்படியே ஏற்றிவிடுவதால் '4 முழம்', '4முழ வேட்டி', 'நாலு முழம் வெள்ளை' என்று ஒரே சரக்கு மூன்று பெயரில் உட்கார்ந்திருக்கும், ஒன்று டஜன் கணக்கில், இன்னொன்று பீஸ் கணக்கில். இருப்பு எப்படி ஒத்துவரும்? ஒத்துவராத இருப்பை இரண்டு தடவை பார்த்தால் போதும், கடைப்பையன் திரையை நம்புவதை விட்டுவிட்டு நேரே குடோனுக்குள் போய் எண்ண ஆரம்பித்துவிடுவான். ஆரம்ப இருப்பை ஏற்றும் முன் கடையை ஒரு ஞாயிற்றுக்கிழமை மூடியாவது எண்ணிவிடுங்கள்.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது, எல்லாத் திறவுகோலையும் ஒரே ஆளிடம் கொடுத்துவைப்பது. ஜிஎஸ்டி தளத்தில் பதிந்த மொபைல் எண் பழைய கணக்காளருடையது, அவர் வேலையை விட்டுப் போய்விட்டார், ஓடிபி அவருக்குப் போகிறது, இங்கே பில் எடுக்க வழியில்லாமல் லாரி ஏற்றி முடித்து நிற்கிறது. லாகினும் கையில் இல்லையென்றால் வரி அலுவலகத்துக்கு நேரில் போய்த்தான் எண்ணை மாற்ற வேண்டியிருக்கும். பதிவு எண் நிறுவனத்துக்குச் சொந்தமான சிம்மாக இருக்கட்டும். பில் போட இரண்டு பேருக்காவது தெரிந்திருக்கட்டும், தனித்தனி பாஸ்வேர்டோடு. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு திருத்தத்தையும் பதிந்துவைக்க வேண்டும் என்பது விதி. எல்லோரும் ஒரே பெயரில் உள்ளே போனால் அந்தப் பதிவைப் பார்த்து யார் திருத்தியது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

அரசு கேட்கும்வரை காத்திருப்பதும் கெடுக்கிறது. இ-இன்வாய்ஸ், அதாவது பில்லை அரசுத் தளத்திலும் பதியும் முறை, 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு வந்தது, படிப்படியாக இறங்கி 2023 ஆகஸ்டில் 5 கோடியைத் தொட்டது. ஏறக்குறைய மூன்று வருஷ அவகாசம் இருந்தும் கடைசி வாரத்தில் ஓடியவர்கள், கடை பில்லை ஒரு மென்பொருளில் போட்டு, அதையே அரசுத் தளத்தில் இன்னொரு முறை தட்டச்சு செய்யும்படி ஏற்பாடு செய்துவிட்டார்கள். ஒரே வேலையை இரண்டு தடவை செய்யச் சொன்னால் யாருக்குத்தான் கை வரும்?

சரி, நோட்டை எப்போது மூடுவது? ஒரு மாசம் இரண்டும் ஓடட்டும், முடியும் தேதியை முதல் நாளே சொல்லிவிடுங்கள். தினமும் சாயங்காலம் ஐந்தே உருப்படிகளைக் கையால் எண்ணித் திரையோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் வந்தால் பொறுப்பாளரைத் திட்டாமல் அந்த இடத்திலேயே காரணத்தைத் தேடுங்கள், பெரும்பாலும் பில் போடாமல் வெளியே போன சாம்பிள் பீஸாகத்தான் இருக்கும்.